வீட்டுக் கொட்டகையில் ஆகாதென்று யார் சொன்னது?

ஜகுவார் மார்க் ஃபைவ் காரின் டிக்கி மூடியைத் தூக்கினால் அதன் உட்புறத்தில் ஒரு தட்டு இருக்கும். ஸ்பேனர், குறடு, திருப்புளி என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்தில் குழி வைத்த தட்டு. 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1951 வரை கொவென்ட்ரியில் செய்யப்பட்ட கார் அது. வால்நட் மரப் பலகை, தோல் இருக்கை, பின்சக்கரத்தை மறைக்கும் தகட்டுப் பாவாடை என்று அந்தக் காலத்துச் சொகுசு அத்தனையும் அதில் உண்டு. அப்படிப்பட்ட காரைச் செய்தவர்களே, வாங்கியவர் வீட்டில் யாராவது ஒருவர் ஸ்பேனர் பிடிப்பார் என்று எதிர்பார்த்து அந்தத் தட்டை வைத்து அனுப்பினார்கள்.

கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவில் என் வீட்டின் பின்புறம், தகரக் கூரைக் கொட்டகையில் அப்படியொரு மார்க் ஃபைவ் நிற்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் சுற்றிவந்து, மட்கார்டைத் தடவிப் பார்த்து, கடைசியில் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "தம்பி, இது வீட்டுல வச்சுச் செய்யிற வேலையா? கொழும்புல நல்ல கராஜ் ஒண்டுல குடுங்க. இல்லாட்டி வித்துப்போட்டு ஒரு அல்டோ வாங்குங்க." உறவினர் சொல்கிறார்கள், கார் தரகர் சொல்கிறார், கண்டியில் இருந்து வருகிற படித்த நண்பர்களும் சொல்கிறார்கள். பழைய சொகுசுக் கார் என்றால் அது நிபுணர்களின் சொத்து, வீட்டுக்காரர் கைவைத்தால் கெடுத்துவிடுவார், பணத்தை விழுங்கும், போதாததற்கு அது தோட்டத்துத் துரைமாரின் கார், நமக்கு எதற்கு. ஊரில் நிலைத்துப்போன கருத்து இதுதான். அன்போடு சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இதில் ஒரு வரியைக்கூட நான் ஏற்கவில்லை. ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இன்றைய சொகுசுக் காரின் பொனட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் கண்ணில் படும். கம்பியூட்டரைப் பொருத்தாமல் கராஜ்காரராலேயே வாய் திறக்க முடியாது. ஒரு பாகம் கெட்டால் பெட்டியோடு மாற்றுவார்கள். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு 1950ஆம் ஆண்டுக் காரைப் பார்க்கிறவருக்கு, இதற்கு இன்னும் பெரிய நிபுணர் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நிலைமை நேர்மாறானது. மார்க் ஃபைவில் அடிச்சட்டம் தனி, உடல் தனி. போட்டது எல்லாம் கழற்றும்படி போட்டிருக்கிறது. கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அது என்ன வேலை செய்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

அதன் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரைச் சரிக்கட்டுவதை மட்டும் சொல்கிறேன். என்ஜினை நன்றாகச் சூடேற விட வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, உள்ளே ஏறியிறங்கும் பிஸ்டனை மெல்லிய கத்திமுனையால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். என்ஜினின் சத்தம் ஏறி அப்படியே நின்றுவிட்டால் பெட்ரோல் அதிகம். தடுமாறி இறங்கினால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் இலேசாக ஏறி உடனே பழைய சத்தத்துக்குத் திரும்பினால் அளவு சரி. அடியில் உள்ள ஆறுமுக நட்டை ஒவ்வொரு தடவையும் ஒரு முகம் மட்டும் திருப்பி, மறுபடி பிஸ்டனை உயர்த்தி, மறுபடி கேட்க வேண்டும். பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இரண்டு கார்புரேட்டர் வாய்களிலும் மாறிமாறிப் பிடித்தால், இரண்டும் ஒரே சீறலாகச் சீறுகின்றனவா என்று தெரியும். நாயனத்துக்குச் சுருதி சேர்க்கிறவருக்கு உள்ள காது போதும். அந்தக் காதும் பொறுமையும் கொழும்பில்தான் கிடைக்கும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சொகுசுக் கார் என்ற சொல்லே மயக்குகிறது. உலகில் அந்தச் சொல்லுக்கு இலக்கணமாகிப்போன பெயர் ரோல்ஸ் ராய்ஸ். அதன் பிற்பாதியான ஹென்றி ராய்ஸ் மாவரைப்பவர் ஒருவரின் மகன். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து வேலைக்குப் போனவர். பீற்றர்பரோ ரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்து, பணம் கட்ட முடியாமல் இடையில் நின்றவர். அவர் கார் செய்யப் புறப்பட்டதற்குக் காரணம், தாம் வாங்கிய பழைய டெக்கோவில் என்ற பிரெஞ்சுக் கார் அவருக்குத் திருப்தி தராததுதான். அதைக் கழற்றிப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று கண்டு, மான்செஸ்டரில் தம் பட்டறையில் 1904இல் சொந்தக் காரை ஓட்டிக் காட்டினார். ஜகுவாரின் கதையும் அப்படித்தான். வில்லியம் லயன்ஸும் அவருடைய கூட்டாளியும் 1922இல் பிளாக்பூலில் தொடங்கியது மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்யும் சின்னத் தொழில். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் படித்தார். இன்று அவர் பெயரால் அந்த ஊரில் ஒரு கார் அருங்காட்சியகமே இருக்கிறது. இவர்கள் யாரும் நிபுணராகி வந்து வண்டியைத் தொடவில்லை. தொட்டுத்தான் நிபுணரானார்கள்.

இனி எங்கள் மலையகத்துக்கு வருகிறேன். இங்கேதான் அந்தக் கருத்து எனக்கு மிகவும் வலிக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இந்த நாட்டில் கார் இறக்குமதி நின்றுபோனது. 1977இல் கதவு திறக்கும்வரை, இருந்த கார்களைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஹம்பர், வூல்ஸ்லி, ஜகுவார், பென்ஸ் எதுவானாலும் சரி, புதுப் பாகம் கேட்டால் கிடைக்காது. அந்தக் காலத்தில் இவற்றை உயிரோடு வைத்திருந்தது யார்? நிபுணர் என்று அட்டை அச்சடித்தவர்கள் அல்லர். வீட்டுத் திண்ணையோடு ஒட்டிய பட்டறையில் லேத் வைத்திருந்த பாஸ்மார், தகரம் தட்டிய டிங்கர்கள், கொல்லுலை வைத்திருந்தவர்கள், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழித்துப்போட்ட வண்டியிலிருந்து கியர் தேடி எடுத்தவர்கள். கிளட்ச் தட்டு தேய்ந்தால் அதற்குப் புதிதாக லைனிங் ஆணியடித்தார்கள். பல் உடைந்த கியருக்கு வெல்டிங்கில் பல் வளர்த்து அரத்தால் ராவினார்கள். இன்று கொழும்பில் ஊர்வலத்தில் ஓடுகிற பழைய கார்களுக்குள்ளே அவர்களுடைய கைவேலை இருக்கிறது. அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டு, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்து வீட்டில் செய்யாதே என்பது நியாயமில்லை.

இதில் தோட்டத்து ஸ்டோருக்கு ஒரு பங்கு உண்டு. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். என் அப்பா பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் பிட்டராக இருந்தார். ரோலர், பெல்பாஸ்டில் செய்த சிரொக்கோ டிரையர், கூரையடியில் நீளத்துக்கும் சுழலும் சாஃப்ட், அதைத் தாங்கும் வெள்ளை ஈய பேரிங். எல்லாம் பிரித்தானிய இயந்திரம். விட்வொர்த் அளவு நட்டும் போல்ட்டும். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களிலும் பெரும்பாலும் அதே குடும்பம்தான். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவு நட்டின் தலையளவைக் குறிக்காது, உள்ளே போகும் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். இது தெரியாதவர் மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டு முதல் நாளே நட்டின் மூலைகளை உருட்டிவிடுவார். பெயர்போன கராஜ்களில் அப்படி உருண்டுபோன நட்டுகளை நான் கண்டிருக்கிறேன். அப்பாவின் பெட்டியில் இருந்த ஸ்பேனர்கள் எங்கள் காருக்கு நேராகப் போய் உட்கார்ந்தன.

பேரிங் வார்ப்பதை நான் ஏழெட்டு வயதில் பார்த்தேன். 1930களின் கார் என்ஜின்களிலும் இதே வேலைதான் இருக்கும். பேரிங்கின் வெளியோட்டைச் சூடாக்கி உட்புறம் ஈயம் பூசி, நடுவே ஒரு உருளையை நிறுத்தி, இடைவெளியில் உருகிய வெள்ளை ஈயத்தை ஊற்ற வேண்டும். உருகியது பதமா என்று பார்க்க அப்பா ஒரு மூங்கில் சிம்பை உள்ளே விட்டு எடுப்பார். சிம்பு பழுப்பேறினால் ஊற்றலாம். கரிந்தால் சூடு கூடிப்போயிற்று, பொறுக்க வேண்டும். ஆறிய பிறகு சாஃப்டில் நீலம் தடவி, பேரிங்கை வைத்து அழுத்தி எடுத்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டுவார். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீலம் ஒட்டும்வரை. அக்காலத்துப் பெரிய கார்களின் என்ஜின்களும் இப்படிக் கையாலும் கண்ணாலும் ஒட்டிப் பார்த்துப் பொருத்தியவைதான். கொவென்ட்ரியில் அதைச் செய்தவர் கைவினைஞர், வத்தேகமவில் அதையே செய்தவர் கைவைத்துக் கெடுப்பவர் என்றால், இந்தக் கருத்து திறமையை அளந்து வந்ததில்லை. விலாசத்தைப் பார்த்து வந்தது.

நேரத்தைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. எங்கள் காரின் என்ஜின் இறுகிப்போயிருந்தது. ஆறு பிளக்குகளையும் கழற்றி, துளைகளில் எண்ணெய் விட்டுவிட்டு, வாரத்துக்கொருமுறை ஃபிளைவீலின் பல்லில் கம்பி கொடுத்து மெல்ல நெம்பிப் பார்ப்பேன். அசையாது. இன்னும் கொஞ்சம் எண்ணெய். நான்காம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு விரல்கடை அளவுக்கு அசைந்தது. அன்றைக்கு அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. பிறகு இன்னும் இரண்டு வாரத்தில் முழுச் சுற்று வந்தது. ஒரு பிஸ்டனும் உடையவில்லை. நாள் கணக்கில் கூலி எண்ணுகிற கராஜில் இந்த நான்கு மாதம் கிடைக்குமா? சுத்தியலை எடுத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பின்னால் அடுத்த வண்டி நிற்கிறது. வீட்டில் அப்படியில்லை. 2022இல் நாட்டில் எரிபொருள் இல்லை. மார்ச் கடைசியில் மின்சாரமும் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை நின்றது, ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர். ஊரே முடங்கிய அந்த மாதங்களில்தான் அடிச்சட்டத்துத் துருவை முழுவதும் கம்பித் தூரிகையால் கையாலேயே சுரண்டி முடித்தேன். வீட்டில் நேரத்துக்கு வாடகை இல்லை.

நிபுணரிடம் கொடுத்தால் கெடாது என்ற நம்பிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டும். நானும் ஒருமுறை அதை நம்பினேன். இருக்கைகளைப் பெயர்பெற்ற ஓர் இடத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதத்தில் திரும்பி வந்தன, கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு. இருக்கையில் தோல் இல்லை, ரெக்சின். பழைய தோல் எங்கே என்று கேட்டேன். வெடித்துப்போன தோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எறிந்துவிட்டோம் என்றார்கள். அந்தத் தோலில் வெடிப்பு இருந்தது உண்மை. கதவோரத்து மடிப்பில் ஒரு சின்னத் துண்டில் மட்டும் ஆதி நிறம் அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் மற்றதற்கு நிறம் சேர்க்க நினைத்திருந்தேன். அந்தத் துண்டும் போய்விட்டது. 70 வருடம் மழைக்கும் எலிக்கும் தப்பிய ஒன்று, நிபுணர் கையில் மூன்று மாதத்தில் குப்பையாயிற்று.

இதை என் மனக்குறை என்று தள்ளிவிட வேண்டாம். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, டியூரின் சாசனம் என்று ஒன்றை 2013 முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது. இருப்பதைக் காப்பது முதலில்; புதுப்பிப்பது கடைசியில்; செய்த வேலையைக் குறித்து வைக்க வேண்டும்; முடிந்தவரை பின்னால் வருகிறவர் திரும்ப மாற்றக்கூடியபடி செய்ய வேண்டும் என்பது அதன் போக்கு. 2024இல் அமெரிக்காவின் பெப்பிள் பீச் கண்காட்சியில், மிகப் பெரிய பரிசு 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 காருக்குப் போனது. ஒருகாலத்தில் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த கார். அதன் கறுப்புப் பெயின்ட் தேய்ந்தும் உதிர்ந்தும் இருந்தது. யாரும் அதைப் புதிதாக்கவில்லை. அந்த நிலையிலேயே அது வென்றது. புதுப்பிக்காமல் காக்கப்பட்ட கார் ஒன்று அங்கே முதலிடம் பெற்றது அதுதான் முதல்முறை. பளபளப்புத்தான் மதிப்பு என்பது, பளபளப்பு விற்கிறவர்கள் நமக்குச் சொல்லித் தந்தது. வீட்டில் மெதுவாக, குறைவாக, குறித்து வைத்துச் செய்கிறவரின் வேலைதான் இந்தச் சாசனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. நான் ஒவ்வொரு நட்டையும் பால்மா டின்களில் போட்டு, எந்த இடத்தது என்று ஒட்டி வைத்திருக்கிறேன். எது ஆதிப் பாகம், எது நான் மாற்றியது என்று சி.ஆர். கொப்பி ஒன்றில் தேதியோடு எழுதுகிறேன். எத்தனை கராஜ்களில் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது?

இதே பளபளப்பு ஆசையில் இன்னொரு கொடுமையும் நடக்கிறது. அசல் என்ஜினைத் தூக்கி வீசிவிட்டு ஜப்பான் டீசல் என்ஜினைப் பூட்டி, ஏ.சி. போட்டு, வெள்ளைப் பெயின்ட் அடித்து, கல்யாணப் பெண்ணை ஏற்றிப் போக வாடகைக்கு விடுகிறார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் என்ஜின் மாற்றியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு அதையே அழகு என்று விற்பதைத்தான் எதிர்க்கிறேன். இந்தியாவில் 2021இல் கொண்டுவந்த விதியின்படி, 50 வருடம் கடந்த வண்டியானாலும் அடிச்சட்டத்தையோ உடலையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருந்தால் அது பழம்பெரும் வாகனம் என்ற பதிவைப் பெறாது. அந்த விதி சரியானது. தோலும் குரோமும் மட்டும் மிஞ்சிய ஜகுவார் ஜகுவாராக இருக்காது.

பாகங்களுக்கும் கைவினைக்கும் எங்கே போவது என்று கேட்பவர்களை எங்கள் மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்வேன். முகப்புப் பலகையில் வால்நட் மரத் தோல் ஓரத்தில் கிளம்பியிருந்தது. அதை உரித்தெறிந்து புதிது ஒட்டுவதுதான் வழக்கம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தச்சர் ஒருவர், வச்சிரப் பசையைக் காய்ச்சி மெல்லிய தூரிகையால் உள்ளே விட்டு, மெழுகுத் தாள் வைத்து, அதன் மேல் மணல் பையைப் பாரம் ஏற்றி இரண்டு நாள் விட்டார். ஒட்டிக்கொண்டது. வச்சிரம் என்பதால் நாளைக்கு யாராவது ஈரச் சூடு காட்டினால் திரும்பக் கழன்றும் வரும். குண்டசாலைக்கு அடுத்த நத்தரம்பொத்தையில் பித்தளையும் வெள்ளியும் தட்டுகிற குடும்பங்கள் உண்டு. மாத்தளை மாவட்டத்து ஹப்புவிதையில் அரக்கை நகத்தால் இழுத்துக் கோலம் போடுகிறவர்கள் உண்டு. மரம், உலோகம், தோல், அரக்கு என்று ஒரு பழைய சொகுசுக் காருக்கு எந்தெந்தக் கை வேண்டுமோ அந்தக் கைகள் இந்த மலைகளைச் சுற்றியே இருக்கின்றன. வீட்டில் செய்வது என்றால் தனியாகச் செய்வது என்று பொருளில்லை. வேலையின் பொறுப்பு வீட்டில் இருக்கிறது; கைகள் ஊரிலிருந்து வருகின்றன.

பணக் கணக்கு. செலவழித்த காசு விற்கும்போது வராது என்கிறார்கள். வராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் செய்யும்போது செலவை மாதச் சம்பளத்தின் ஓரத்திலிருந்து எடுக்கலாம், இந்த மாதம் முடியாவிட்டால் நிறுத்திவைக்கலாம். கராஜில் வண்டி திறந்து கிடக்கும்போது நிறுத்த முடியாது. வீடு அடகு வைத்துப் பழைய காரைத் திருத்தி அழிந்தவர்கள் என்று சொல்லப்படும் கதைகளைக் கூர்ந்து கேளுங்கள். அவை பெரும்பாலும் அடுத்தவரிடம் மொத்தமாக ஒப்படைத்த கதைகள். அல்டோ வாங்கு என்கிற யோசனைக்கும் ஒரு வார்த்தை. 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய அல்டோ என்ன விலைக்குப் போனது என்று இந்த யோசனை சொல்கிறவர்களுக்கே தெரியும். திருத்தத் தெரிந்த கை ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதை இரண்டு தலைமுறைக்குள் இரண்டு தடவை இந்த நாடு நமக்குக் காட்டிவிட்டது.

துரைமாரின் கார் நமக்கு எதற்கு என்ற கேள்வியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். மற்றவற்றைப் போல இது சோம்பலில் பிறந்த கேள்வி இல்லை, காயத்தில் பிறந்தது. மார்க் ஃபைவ் லண்டனில் திரை விலகிய அடுத்த மாதம், 1948 நவம்பர் 15இல், இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழர்களான எங்கள் ஆட்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. 1,50,000 பேரின் தலைவிதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. அந்த வருடங்கள் முழுதும் துரையின் காரைக் கழுவியவர், ஓட்டியவர், மண்சரிவில் தள்ளியவர், இரவில் ஸ்டோர் விளக்கடியில் அதன் டைனமோவைக் கழற்றிச் சரிபார்த்தவர், எல்லோரும் வாக்கில்லாதவர்கள். பின்கதவைத் திறந்துவிட மட்டும்தான் அந்தக் கதவில் கை வைத்தார்கள். 1970களில் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. துரைமார் போனார்கள். கார்கள் நின்றன. எங்கள் காரும் அப்படிக் கைமாறி, ஒரு லொறி முதலாளி வீட்டில் படங்குக்குள் கிடந்து, கடைசியில் எங்களிடம் வந்தது.

இதைத் துருப்பிடிக்க விட்டால் யாருடைய வரலாறு அழியும்? வாங்கியவரின் பெயர் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, அவருடைய படம் எங்காவது கிளப் சுவரில் தொங்கும். உழைத்தவரின் அடையாளம் காருக்குள்ளே மட்டும்தான் இருக்கிறது. எங்கள் காரின் கியர்பெட்டியைத் திறந்தபோது, மூடியின் உட்புறத்தில் உளியால் கொத்திய ஒரு தேதியும் அதன் கீழே தமிழில் "மு" என்ற ஒற்றை எழுத்தும் இருந்தன. யார் என்று தெரியாது. முத்துவோ, முனியாண்டியோ, முருகையாவோ. தன் வேலை என்று சொல்ல அவருக்கு வேறெங்கும் இடம் இருக்கவில்லை. சுத்தமாக மணல் வீசித் தேய்க்கும் கராஜில் அந்த எழுத்து ஒரு நிமிடம் நின்றிருக்காது. நான் அதைச் சுற்றி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அப்படியே மூடினேன். இந்தக் கார் நம்முடையது என்பதற்கு இதைவிடப் பெரிய பத்திரம் எனக்குத் தேவையில்லை.

வீட்டில் செய்யக் கூடாத வேலைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் நான் வாசகருக்குத் துரோகம் செய்தவனாவேன். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டோஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, உலரத் தேய்க்கவும் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், பிள்ளைகளை அண்ட விடக் கூடாது. குரோம் பூச்சு கொடிய இரசாயனம், வெளியே கொடுங்கள். காலியான பெட்ரோல் தாங்கிதான் நிறைந்ததைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும், அதை வெல்டிங் செய்ய வீட்டில் யாரும் நினைக்கவே கூடாது. மார்க் ஃபைவின் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பி உள்ளே விசையை அடக்கி வைத்திருக்கிறது; முறை தெரியாமல் கழற்றினால் கையை முறித்துவிடும். ஸ்டியரிங், பிரேக் இரண்டையும் முடித்த பிறகு, வீதிக்கு இறக்குமுன் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு பார்க்க வைக்க வேண்டும். இந்த நாலைந்து வேலைகளைக் காட்டி மிச்சமுள்ள நூறு வேலைகளையும் பறித்துக்கொள்வதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

மடவளையிலும் உக்குவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் படங்கு போர்த்திய பழைய கார்கள் இன்னும் நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். தரகர் மாதத்துக்கொருமுறை வந்து போகிறார் என்பதும் தெரியும். அப்படியொன்று உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை படங்கை விலக்குங்கள். பெட்டரி பூட்டாதீர்கள், ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுப் பொனட்டைத் திறந்து, பிளக்குகளைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் துடையுங்கள். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு, சுத்தத் துணியால் துளைகளை மூடுங்கள். ஒரு கொப்பியில் அன்றைய தேதியை எழுதுங்கள். அடுத்த ஞாயிறு வரை வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.